சிவப்புக் கொடி ஏறினா இட்லி

நீங்களே சொல்லுங்க சார், இட்லி மாசா? புகை மாசுங்க, ஒத்துக்கிறேன். சாக்கடை மாசுங்க, ஒத்துக்கிறேன். பொழுது விடிஞ்சா ஊரே திங்கிற இட்லியைப் போய், ஒரு படிச்ச பொண்ணு, அதுவும் என் கையால ஒரு வருசம் தின்ன பொண்ணு, ‘சமையலறை மாசு’ன்னு எழுதிருச்சு. உலகம் பூரா படிக்கிற புஸ்தகத்துல, இங்கிலீஷ்ல. எங்க தெரு டீச்சரம்மாதான் படிச்சுத் தமிழ்ல சொன்னாங்க. மறுபடி படிங்கம்மான்னேன். மறுபடியும் மாசுதான்.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க சார், ஜன்னல்ல சாரல் அடிக்குது. பஸ் இப்ப கிளம்பாது. கண்டக்டர் எறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு, கோடியக்கரை ரோட்டு மேல தண்ணி போவுதாம். மாசி மாசத்துல மழை, என்ன கூத்தோ போங்க. உப்பளத்துல வேலை ஆரம்பிக்கிற நேரம். என் மச்சினன் பாத்தி கட்டி முடிச்சு நாலு நாள்தான் ஆவுது, எல்லாம் கரைஞ்சு போச்சு. அது கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது இட்லி.

என் பேரு குஞ்சிதபாதம். முப்பது வருசமா கரண்டி புடிச்ச கை. ஓட்டல்ல மாஸ்டர், கப்பல்ல மாஸ்டர், அப்புறம் எங்க மாஸ்டர்ங்கிறீங்க? அண்டார்டிகாவுல. சிரிக்காதீங்க சார், நிசமாத்தான். மேப்புல அடியில வெள்ளையா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும் பாருங்க, அதேதான். அங்க ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷன்னா ரயில் நிக்கிற ஸ்டேஷன் இல்ல, ஐஸ் மேல கால் ஊனி நிக்கிற ஒரு நீளமான தகரக் கட்டடம். பேரைக் கேக்காதீங்க, வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். மீதி எல்லாத்தையும் சொல்றேன்.

இருவத்திமூணு பேர். பங்குனியில கப்பல் எங்களை விட்டுட்டுப் போயிருச்சு. திரும்ப வர்றது மார்கழியில. நடுவுல ரெண்டு மாசம் சூரியனே கிடையாது. காலைல எழுந்தாலும் இருட்டு, மத்தியானமும் இருட்டு, ராத்திரியும் அதே இருட்டு. அதுலயும் புயல் வந்தா ரெண்டு நாள் மூணு நாள் கதவைத் தொறக்க முடியாது. நம்மூர்ல புயல்னா ரேடியோவுல சொல்லுவான், ரெண்டு தென்னை மரம் சாயும், மறுநாள் மந்திரி வருவாரு. அங்க சாய்றதுக்கு மரமும் இல்ல, வர்றதுக்கு மந்திரியும் இல்ல. காத்து மட்டும் ரெண்டு நாளா ஒரே சுருதியில ஊதிக்கிட்டே கெடக்கும்.

மொதப் புயல் வந்தப்ப சனங்க மூஞ்சியைப் பாக்கணுமே. எங்க லீடர் ஜோக்ளேக்கர், தங்கமான மனுசன், அவரே ஒரு ஸ்பூன் காணாமப் போனதுக்கு அரை மணி நேரம் விசாரணை வைச்சாரு. ஜெனரேட்டர் பாக்குற பல்பீர் சிங், ஆறடி ஆளு, சுவத்தைப் பாத்து உக்காந்துட்டான். எனக்குத் தாங்கல. சோறாக்குறவனுக்குச் சனங்க மூஞ்சி வாடுனா தூக்கம் வருமா? சரி, இட்லி போடுவோம்னு முடிவு பண்ணேன். என் சொந்தச் சாமான் எடையில சட்டை துணிமணியைக் கொறைச்சுட்டு ஒரு சின்ன கிரைண்டரு கொண்டு போயிருந்தேன் சார். எல்லாரும் கேலி பண்ணாங்க, கடைசியில அதான் ஸ்டேஷனையே காப்பாத்துச்சு.

ஆனா மொத ஈடு கவுந்துருச்சு. கிச்சன்ல நாலு பேர் கோட்டு போட்டுக்கிட்டு நிக்கிற குளிரு, மாவு எங்கேருந்து புளிக்கும்? அரைச்சு வைச்சது வைச்ச மாதிரி கெடக்கு, ஒரு குமிழி இல்ல. அதையே ஊத்தி எடுத்தேன், கருங்கல்லு. பல்பீர் ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போய்க் கதவு சாத்தாம இருக்க முட்டுக் குடுத்தான். கப்பல் வர்ற வரைக்கும் அது அங்கயே இருந்துச்சு சார், எலி கூடக் கடிக்கல. அங்க எலியும் கெடையாது, அது வேற விசயம்.

அப்பத்தான் எனக்கு அந்த ரூம்பு கண்ணுல பட்டுச்சு. காரிடார் கோடியில ஒரு ரூம்பு, உள்ள ஒரு மெசினு. ராவும் பகலும் ஓடும், நிறுத்தவே மாட்டாங்க. அந்தச் சூட்டுல ரூம்பு வெதுவெதுன்னு, நம்மூர் ஆவணி மாசம் மாதிரி இருக்கும். தெனம் ரெண்டு வேளை டீ கொண்டு போறப்பல்லாம் எனக்குத் திரும்பி வரவே மனசு வராது. மெசினுக்குப் பின்னால, மேசைக்கு அடியில, ஒரு தூக்குச் சட்டி கச்சிதமா உக்கார்ற எடம் வேற. ஆண்டவனாப் பாத்து மாவு புளிக்கிறதுக்குன்னே கட்டி விட்ட மாதிரி ரூம்பு.

கதவுல ‘உள்ளே பொருள் எதுவும் வைக்கக் கூடாது’ன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. இந்தியிலயும் இங்கிலீஷ்லயும். தமிழ்ல இல்லையே.

அந்த ரூம்புக்காரிதான் செண்பகவல்லி. கோவில்பட்டிப் பொண்ணு, இருவத்தொம்போது வயசு, காத்தை அளக்குற படிப்பு. வெளிய ஒரு கம்பம், அது உச்சியிலேருந்து குழாய் வழியா காத்தை உறிஞ்சி உள்ள மெசினுக்குக் கொண்டாந்து, அதுல எவ்வளவு கரியமில வாயு இருக்குன்னு நம்பர் போட்டுக் காட்டும். ஸ்டேஷன்ல தமிழ் பேசுறது நாங்க ரெண்டே பேர். வந்த அன்னிக்கே என்னை அண்ணாச்சின்னு கூப்புட்டுச்சு. எங்க பக்கம் அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரரும்மான்னேன். அப்ப ஒரு கிலோ துவரம் பருப்பு போடுங்க அண்ணாச்சின்னுச்சு. அப்படிப்பட்ட பொண்ணு. ஆனா மெசின்னு வந்துட்டா பேச்சே வேற. அதை ஒருத்தன் தொட்டா கண்ணால எரிச்சுப்புடும்.

ஒரு நாள் டீ குடிக்கறப்ப மனசு விட்டுச் சொல்லுச்சு. ஒரு வருச ஒப்பந்தத்துல வந்திருக்கு. இந்தக் குளிர்காலத்துல எடுக்குற கணக்கு நிலைச்சா வேலை நிரந்தரம். இல்லைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போய் டியூசன் எடுக்க வேண்டியதுதான். ஏழு வருசமா இதுக்குத்தான் அண்ணாச்சி படிச்சேன்னுச்சு. எனக்கு நெஞ்சு இளகிப் போச்சு சார். அந்தப் பொண்ணுக்கு நல்லது நடக்கணும்னு கோடியக்கரை இருக்குற தெசையைக் கேட்டு அந்தப் பக்கம் பாத்துக் கும்புட்டேன்.

சரி, கதைக்கு வர்றேன். ரெண்டாவது புயல் வந்தப்ப, அந்தப் பொண்ணு சாப்புட வர்ற நேரமாப் பாத்து சட்டியைக் கொண்டு போய் மெசினுக்குப் பின்னால வைச்சு, மேல ஈரத்துணி, அதுக்கு மேல என் பழைய ஜாக்கெட்டு. மறுநாள் அது மறுபடி சாப்புட வந்த நேரத்துல போய்த் தொறந்தா, மாவு ஜம்முனு பொங்கி மூடியைத் தூக்கிக்கிட்டு நிக்குது. எனக்கு அழுகையே வந்துருச்சு. அன்னிக்கு இட்லி பஞ்சு. லீடர் எட்டு சாப்புட்டாரு. ஸ்பூனைப் பத்தி மறந்தே போயிட்டாரு. பல்பீர் பதினாறு. தின்னுட்டு எந்திரிச்சு டான்ஸ் ஆடுனான் சார், வெளிய கூரை பேந்துக்கிற மாதிரி காத்து அடிக்குது, உள்ள இவன் தோளை ஆட்டிக்கிட்டு நிக்கிறான்.

அதோட அது வழக்கமாவே ஆயிப்போச்சு. சாப்பாட்டு ஹால் சுவத்துல ஒரு பலகை உண்டு. வெளிய போகலாம்னா பச்சைக் கொடி, பாத்துப் போன்னா மஞ்சள், புயலு, கதவைத் தொடாதேன்னா சிவப்பு. சிவப்புக் கொடி ஏறினா இட்லி. எழுதப்படாத சட்டம். நல்லா இருக்குற நாள்ல யாராச்சும் இட்லி கேட்டா, போய்ப் புயலைக் கொண்டு வாம்பேன். ஒவ்வொருத்தனும் வானிலை அறிக்கையை உளுந்து ஊறப் போட்டாச்சாங்கிற மாதிரி வந்து கேப்பான். பல்பீர் புயல் வரணும்னு குருத்வாராவுக்கு வேண்டிக்கிட்டான்னா பாத்துக்குங்க. நானும் எங்க வீட்டுக் காலண்டரைக் கிச்சன்ல மாட்டியிருந்தேன், இட்லி போட்ட நாளுக்கெல்லாம் அதுல ஒரு வட்டம் போட்டு வைச்சேன். ஒரு பெருமைதான்.

ஆனி மாசம் நடுக்குளிர்கால நாள்னு ஒண்ணு வரும். இருட்டுல பாதி முடிஞ்சுதுன்னு அர்த்தம். அங்க இருக்குற எல்லா நாட்டு ஸ்டேஷன்காரனும் ஒருத்தனுக்கொருத்தன் வாழ்த்து அனுப்பிக்குவான், பெரிய விருந்து நடக்கும். எங்களுக்கு அன்னிக்குப் புயலும் சேந்து வந்துச்சு. சிவப்புக் கொடி, இட்லி, கேசரி, சாம்பார் வாசனை காரிடார் பூரா. சாப்பாடு முடிஞ்சதும் செண்பகம் எந்திரிச்சு, நான் என் வேலையைப் பத்தி அஞ்சு நிமிசம் சொல்றேன்னு திரையில ஒரு படத்தைப் போட்டுச்சு. நேர்கோடு ஒண்ணு ஓடுது. அதுல அங்கங்க மேடு மேடா எழும்புது. ஒவ்வொரு மேடும் ஒரு புயலாம்.

எல்லாருக்கும் வெளங்குற மாதிரி சொல்லுச்சு. நாம விடுற புகையில பாதிக்கு மேல இல்லைன்னாலும் நெறையா பங்கைக் கடல்தான் குடிச்சுக்குதாம். அங்க தெக்கக் கடல் இன்னும் ஜாஸ்தி குடிக்குமாம். ஆனா ஆழத்துல பழைய வாயு எக்கச்சக்கமா தூங்கிக்கிட்டிருக்காம். புயல் அடிச்சா, சாம்பாரை அடி வரைக்கும் கிண்டுன மாதிரி கீழ இருக்குறது மேல வந்து காத்துல கலந்துருமாம். உலகம் சூடாவுற வேகத்துக்குப் புயலும் பலமாயிக்கிட்டே போவுதாம். புயல் கூடினா கடல் குடிச்சதைக் கக்கும், கக்கினா சூடு கூடும், சூடு கூடினா மறுபடி புயல். மெல்லச் சொல்லுச்சு, ஆனா கண்ணு மின்னுது சார். ஏழு வருசப் படிப்பு அந்தத் திரையில நிக்குதே.

எல்லாரும் கை தட்டுனாங்க. நானும்தான் தட்டுனேன். அப்ப பல்பீர் கேட்டான், அந்த வாயு எப்படி இருக்கும்னு. அதுக்கு இந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, நம்ம விடுற மூச்சு அதான், சோடாவுல வர்ற குமிழி அதான், ஏன், நம்ம அண்ணாச்சியோட இட்லி மாவு பொங்குது பாருங்க, அந்தக் குமிழியும் அதேதான்னுச்சு. எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிச்சாங்க.

நான் சிரிக்கல. திரையைப் பாக்குறேன். மேடு, மேடு, மேடு. மொதப் புயல்லயும், வைகாசியில வந்த ஒரு புயல்லயும் மட்டும் மேடே இல்ல, தட்டையா ஓடுது. அதையும் ஒருத்தர் கேட்டாரு. அந்த ரெண்டு தடவையும் காத்து ஐஸ் பக்கமிருந்து அடிச்சுது, கடல் பக்கமிருந்து இல்ல, அதனாலதான்னு வெளக்கம் சொல்லுச்சு. எனக்கில்ல தெரியும் என்ன காரணம்னு. மொதப் புயல்ல மாவு அந்த ரூம்புக்கே போகல, வைகாசியில மூணு நாளும் எனக்குக் காய்ச்சல் சார். பல்பீர்தான் கிச்சடி கிண்டிப் போட்டான்.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு இருக்கே. வாயைத் தொறந்தா அந்தப் பொண்ணு பொழப்பு போச்சு. தொறக்கலைன்னா அது பொய்யைக் கொண்டு போய்ப் பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி வைக்கும். புரட்டாசியில வெளிநாட்டு மாநாடு, அங்கேருந்தே திரையில பேசறதுக்கு ஏற்பாடு ஆயாச்சு. நான் என்ன பண்ணேன், உளுந்து தீந்து போச்சுன்னுட்டேன். அடுத்த சிவப்புக் கொடிக்கு உப்புமா. ஸ்டேஷனே கொதிச்சுப் போச்சு. இருவது பேர் கையெழுத்துப் போட்டு லீடர்கிட்ட மனுக் குடுத்தாங்க. பல்பீர் ஸ்டோர் ரூம்ல பூந்து ரெண்டு மூட்டை உளுந்தைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்து என் முன்னாடி எறக்குனான். என்னையே பாத்தான். அந்தப் பார்வையை இன்னிக்கும் என்னால மறக்க முடியல.

உப்புமா நாள்ல மேடு வரலைங்கிறதை அந்தப் பொண்ணும் கவனிச்சிருச்சு. ரெண்டு நாளா அது சரியா சாப்புடல. கணக்கை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குது, கண்ணுக்குக் கீழ கருப்புத் தட்டிப் போச்சு. அதுக்கு மேல என்னால முடியல சார். என் கம்பளிக்குள்ள கொஞ்சமா புளிக்க வைச்ச மாவுல நாலு இட்லி, கெட்டிச் சட்னி, ஒரு தட்டுல எடுத்துக்கிட்டுப் போய் அந்த ரூம்பு வாசல்ல நின்னேன். 

“மன்னிச்சுரும்மா. நீ அளந்தது புயல் இல்ல, என் மாவு.”

எல்லாத்தையும் சொன்னேன். சட்டி, ஜாக்கெட்டு, காய்ச்சல், எல்லாம். அது தட்டைப் பாக்குது, என்னைப் பாக்குது, மேசைக்கு அடியில பாக்குது. அறையப் போவுதுன்னு நெனைச்சேன். அப்புறம் ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு.

“எத்தனை கிலோ மாவு அண்ணாச்சி?”

நாலு கிலோம்மான்னேன். அவ்வளவுதான் சார், சிரிக்க ஆரம்பிச்சுது. வயித்தைப் புடிச்சுக்கிட்டு, தரையில உக்காந்து, கண்ணுல தண்ணி ஊத்தச் சிரிக்குது. பைத்தியம் புடிச்சுருச்சோன்னு டாக்டரைக் கூப்புடப் போனேன். கையைப் புடிச்சு இழுத்து உக்கார வைச்சு, தேதி ஞாபகம் இருக்கான்னுச்சு. ஓடிப்போய்க் காலண்டரைக் கழட்டிக்கிட்டு வந்தேன். என் வட்டத்தையும் அது மேட்டையும் பக்கத்துல பக்கத்துல வைச்சா, அச்சு அசலு. ஒண்ணு விடாம பொருந்துது. அது ஏழு வருசம் படிச்சுப் போட்ட படத்தை நான் பேனாவால காலண்டர்ல போட்டு வைச்சிருக்கேன் பாருங்க. இதையெல்லாம் புஸ்தகத்துல எழுதலையே.

அப்புறம் சோப்புத் தண்ணியைக் கலக்கிக் குழாய் மேல தடவிப் பாத்துச்சு, சைக்கிள் டியூபுல பஞ்சர் பாக்குற மாதிரி. மெசினுக்குப் பின்னால, என் சட்டி இருந்த எடத்துக்கு நேர் மேல, ஒரு ஜாயிண்டுல குமிழி விட்டுச்சு. வெளிக்காத்தோட ரூம்புக் காத்தையும் சேத்து உறிஞ்சிருக்கு. அதை இறுக்கி அடைச்சுது. அப்புறம் உக்காந்து, நான் வட்டம் போட்ட நாளையெல்லாம் ஒவ்வொண்ணா அழிச்சுது. மேடெல்லாம் போயி கோடு மொட்டையா நிக்குது. பாக்கச் சகிக்கல.

குளிர்காலத்துல மிச்சம் இருந்தது ஒரு புயலோ ரெண்டு புயலோதான். ஆவணிக் கடைசியில ஒண்ணு கடல் பக்கமிருந்து வருதுன்னு தகவல் வந்துச்சு. அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். சுத்தமான குழாய், இட்லி கெடையாது, நம்பர் ஏறினா அந்தப் பொண்ணு சொன்னது நிசம், ஏறலைன்னா கோவில்பட்டி டியூசன். லீடர் உத்தரவு போட்டாரு, புயல் முடியற வரைக்கும் கிச்சன்ல எந்த மாவும் புளிக்கக் கூடாதுன்னு. ஸ்டேஷன் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சுருச்சு. கடல்தான் காரணம்ங்கிறவன் கடல் கட்சி, எல்லாம் இட்லி வேலைங்கிறவன் இட்லி கட்சி. இட்லி கட்சிக்கு பல்பீர்தான் தலைவர். உலகத்துக்கே சூடேத்துற சக்தி குஞ்சித் பாயோட இட்லிக்கு இருக்குன்னு மேசை மேல ஏறி நின்னு பேசுறான். நான் கடல் கட்சி. சொந்த இட்லிக்கு எதுத்து நின்ன மாஸ்டர் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

புயல் வந்துச்சு. மொத நாள் நம்பர் அசையல. எல்லாரும் அந்த ரூம்புல கூடி நிக்கிறோம், கிரிக்கெட்டு பாக்குற மாதிரி. ராத்திரி வரைக்கும் அசையல. அந்தப் பொண்ணு யாரையும் நிமிந்து பாக்கல.

இப்ப நான் பண்ணதைச் சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நான் முன்னேற்பாடா நாலு கிலோ மாவு அரைச்சு என் படுக்கையில, கம்பளிக்குள்ள வைச்சு, கட்டிப் புடிச்சுப் படுத்துப் புளிக்க வைச்சிருந்தேன். நல்ல மனசுலதான் சார். குழாயை அடைச்சாச்சு, உள்ள வைச்சுப் பிரயோசனம் இல்ல. வெளிய கம்பத்துக்குக் கீழ கொண்டு போய் வைச்சா அது உறிஞ்சுமே, நம்பர் கொஞ்சம் ஏறுமே, பொண்ணு முகத்துல சிரிப்பைப் பாத்துடலாமே. மறுநாள் எல்லாரும் உப்புமாவைத் திட்டிக்கிட்டிருக்குற நேரமாப் பாத்து, கோட்டு மேல கோட்டு போட்டு, இடுப்புல கயிறு கட்டி, சட்டியை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெளிக்கதவைத் தொறந்தேன்.

தொறந்தது மட்டும்தான் எனக்கு ஞாபகம். காத்து என் கையிலேருந்து சட்டியைப் புடுங்கிக்கிட்டுப் போயிருச்சு. கேட்டு வாங்கல, புடுங்குச்சு. என்னையும் சேத்து இழுத்துச்சு, பின்னாலேருந்து பல்பீர் என் பெல்ட்டைப் புடிச்சு ஒரே இழுப்பு, உள்ள வந்து விழுந்தேன். மீசையில ஐஸு. அவன் கதவைச் சாத்திட்டுக் கேட்ட மொத கேள்வி, மாவு எவ்வளவு போச்சுன்னுதான். அந்தச் சட்டி இன்னிக்கும் அங்கதான் எங்கியோ ஐஸுல கெடக்கும், நேத்து அரைச்ச மாதிரி, புளிப்பு ஏறாம.

லீடர் என்னைத் திட்டவே இல்ல, அதான் கொடுமை. ஒரு படிவத்தை நீட்டுனாரு. அங்க ஒரு குப்பை கூட வெளிய விட்டுட்டு வரக் கூடாது, சட்டம். காணாமப் போன பொருள் என்ன, எடை எவ்வளவு, பென்குயினுக்கு ஆபத்து உண்டான்னு கேள்வி. இட்லி மாவு, நாலு கிலோ, சட்னி இல்லாததால ஆபத்து இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் கையெழுத்துப் போட்டுக்கிட்டிருக்கறப்பவே காரிடார் கோடியிலேருந்து ஒரே சத்தம். ஓடுறோம். நம்பர் ஏறுது சார். அரைப் புள்ளி, அப்புறம் இன்னும் கொஞ்சம். எறங்கல, நின்னு ஏறுது. மறுநாள் பூரா அப்படியே. குழாயில ஓட்டை இல்ல, கிச்சன்ல மாவு இல்ல, என் சட்டி போனது எதிர்த்தெசையில, அதையும் லீடர் விசாரிச்சு எழுதிக்கிட்டாரு. சுத்தமா, அந்தப் பொண்ணு சொன்ன மாதிரியே, கடல்தான். கடல் கட்சி ஜெயிச்சுருச்சு. பல்பீர் தோத்த கட்சியா இருந்தாலும் மொத ஆளா ஆட ஆரம்பிச்சுட்டான். லீடர் பத்திரமா வைச்சிருந்த பேடா டப்பாவை ஒடைச்சாரு. நான் கரண்டியால தட்டை அடிச்சுக்கிட்டு ரூம்பைச் சுத்தி மூணு தரம் வந்தேன். அம்பத்திரண்டு வயசுல அப்படி ஒரு ஆட்டம் நான் ஆடுனதே கெடையாது.

நடுவுல பாத்தா செண்பகம் மட்டும் ஆடல. நாற்காலியில உக்காந்து அந்த நம்பரையே பாத்துக்கிட்டிருக்கு. டீ போட்டுக் கொண்டு போய்க் குடுத்தேன். ஜெயிச்சுட்டியேம்மா, வேலை நிரந்தரம், இனிமே உனக்கென்னன்னேன். டீயை வாங்கிக்கிட்டு, குடிக்காம கையிலயே வைச்சிருந்துச்சு. கண்ணு ரெண்டும் ரொம்பி நிக்குது.

“அது உங்க இட்லியாவே இருந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?”

பாத்தீங்களா சார். ஜெயிச்ச நேரத்துலயும் அந்தப் பொண்ணுக்கு என் இட்லி மேல இருந்த பிரியத்தை. தன் பேரு வரலைன்னாலும் என் பேரு வரட்டும்னு நெனைக்கிற மனசு யாருக்கு வரும்? நான் உருகிப் போயிட்டேன். அழுவாதம்மா, நாளைக்கே போட்டுத் தர்றேன்னு தேத்துனேன். மறுநாள் போட்டேன், ஒண்ணே ஒண்ணு சாப்புட்டுச்சு. பாதியில நிறுத்திட்டு, கோடியக்கரையில உங்க வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்னு கேட்டுச்சு. கூப்புடு தூரம்மா, ராத்திரி அலைச் சத்தத்துலதான் தூக்கமேன்னு பெருமையாச் சொன்னேன். மீதி இட்லியை அப்படியே வைச்சுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு.

ஊருக்கு வந்து ரெண்டு வருசம் ஆவுது. அப்படி உருகுன பொண்ணுதான் இப்ப மாசுன்னு எழுதிருக்கு. இருந்தாலும் வாரம் தவறாம போன் பண்ணுது, கோவப்பட முடியல. அதுலயும் பாருங்க, இட்லி எப்படி அண்ணாச்சின்னு ஒரு வார்த்தை கேக்காது. மொதக் கேள்வியே கடல் எங்க இருக்குங்கிறதுதான். கடல் எங்கம்மா போவும், இருந்த எடத்துலதான் இருக்கும்பேன். படிச்சவங்க கேள்வியே தனி.

என்ன கண்டக்டரே? போவாதா? சரி, எறங்கி நடப்போம் சார், ரெண்டு கிலோமீட்டர்தான், பேசிக்கிட்டே போனா தெரியாது. செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்குங்க. வேட்டியை மடிச்சுக் கட்டுங்க, இன்னும் மேல. பையைத் தலையில வைச்சுக்குங்க சார், அதுல என்ன, புஸ்தகமா? என் தோளைப் புடிச்சுக்கிட்டு வாங்க, ரோடு எனக்குப் பழக்கம். இந்த எடத்துல தண்ணி நின்னு நான் பாத்ததே இல்ல, அதுவும் மாசியில.

இருங்க, போன் அடிக்குது. பாத்தீங்களா, நூறு ஆயுசு. அந்தப் பொண்ணுதான்.

சொல்லும்மா செண்பகம். நல்லா இருக்கேன். ஆமா, மழைதான், சும்மா தூத்தல். கடலா? அது இருந்த எடத்துலதாம்மா இருக்கு. இல்லம்மா, வீட்டுல இல்ல, ரோட்டுல வந்துக்கிட்டிருக்கேன். என்ன சத்தமா? அது ஒண்ணுமில்ல, முழங்கால் அளவுதான், கூட ஒரு சார் இருக்காரு, பயமில்ல. என்னது? வாயில வைச்சா? இந்தத் தண்ணியையா? விளையாடாதம்மா. சரி சரி, இரு, பாத்துச் சொல்றேன்.

உப்பு கொஞ்சம் தூக்கலாத்தாம்மா இருக்கு. ஹலோ. ஏம்மா, சத்தத்தையே காணோம்?